கம்ப்யூட்டரை விரட்டலாமா?

வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டையைத் தாண்டி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் போனால் தேரடிக்குச் சற்று முன்னால் வருவது காலடிப்பேட்டை. 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயிலும் அங்கே நிற்கிறது. பெயரைப் பார்த்து யாருடைய காலடியோ பட்ட ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்ற ஆங்கிலேயர், நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் அது. காலட் பேட்டை நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

அந்த ஊரில் ஒரு வீட்டு மாடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சிறிய அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர். அம்மா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது. அண்ணன் அதில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறார். பிளஸ் டூ படிக்கும் தம்பி அதன் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறான். சென்ற கோடையில் ஒரு நாள் அந்தத் தம்பி என்னைத் தேடி வந்தான்.

"சார், ஒரு கல்யாண வீடியோ கெட்டுப் போச்சு சார். தாலி கட்டுற இடத்துல நாலஞ்சு செகண்டு பச்சைப் பச்சையா கட்டம் வருது. கரெண்டு சரியில்லன்னு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டோம். அப்பவும் மத்தியானத்துல நின்னு நின்னு போவுது. ராத்திரி ஓட்டினா ஒண்ணும் ஆவறதில்ல."

மூலப் படம் காமிராவில் அழியாமல் இருந்ததால் கல்யாண வீட்டார் தப்பித்தார்கள். ஆனால் மர்மம் மர்மமாகவே இருந்தது. இரவில் ஒழுங்காக வேலை செய்யும் இயந்திரம் பகலில் ஏன் தப்புச் செய்கிறது? நல்ல ஸ்டெபிலைசர் போட்டும் ஏன் குணமாகவில்லை? மேலே படிக்குமுன் நீங்களும் சற்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் கிளறிக் கேட்டதில் ஒரு உண்மை வெளிவந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தம்பி கம்ப்யூட்டரின் பிராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட விட்டிருந்தான். 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டியதை 4.6 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினான். இதற்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

விசில் அடித்தால் குடத்தை எடு

பிராசஸருக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை எல்லாம் ஒரே தாளத்துக்கு ஆடுகின்றன. தாளம் போடுவது ஒரு படிகக் கடிகாரம். அதன் துடிப்பை மதர்போர்டில் 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, பிராசஸருக்குள் ஒரு எண்ணால் பெருக்கிக் கொள்கிறார்கள். 100ஐ 40ஆல் பெருக்கினால் 4,000 மெகாஹெர்ட்ஸ். அதாவது 4 கிகாஹெர்ட்ஸ். பெருக்கும் எண்ணை 46 என்று மாற்றி எழுதிவிட்டால் 4.6 ஆகிவிடும். கம்ப்யூட்டர் விழித்தெழும்போது வரும் பயாஸ் திரையில் ஒரு எண்ணை மாற்றுவதுதான் வேலை. எல்லாப் பிராசஸரிலும் இது முடியாது. பெரும்பாலானவற்றில் அந்த எண்ணுக்குப் பூட்டுப் போட்டு விற்கிறார்கள். தம்பியின் பிராசஸர் பூட்டில்லாத வகை.

4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே வினாடியின் 400 கோடியில் ஒரு பங்கு நேரம். இந்த நேரத்தில் ஒளிகூட ஏழரை சென்டிமீட்டர்தான் போக முடியும்! உங்கள் உள்ளங்கை அகலம். அதற்குள் ஒரு கூட்டல் கணக்கு முடிந்து, விடை எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

முடியாவிட்டால்? இங்கே காலடிப்பேட்டைத் தெருக் குழாய்க்கு வருவோம். விடியற்காலை தண்ணீர் வருகிறது. குழாயடியில் வரிசை. ஒரு தாத்தா விசிலோடு நிற்கிறார் என்று வையுங்கள். அவர் விசில் அடித்ததும் குழாயடியில் இருக்கும் குடத்தை எடுத்துவிட வேண்டும். நிரம்பிய குடம் என்றால் 'ஒன்று'. காலிக் குடம் என்றால் 'பூஜ்யம்'. தாத்தா நிதானமாக விசில் அடிக்கிறவரை தொல்லையில்லை. அவசரப்பட்டு அடித்தால்? குடம் பாதிதான் நிரம்பியிருக்கும். அது ஒன்றா, பூஜ்யமா? யாருக்குத் தெரியும்!

டிரான்சிஸ்டர்களின் கதையும் இதுதான். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் அடுத்ததை இயக்க, அதன் வாசலில் உள்ள மிக நுண்ணிய மின்தேக்கி ஒன்றை மின்சாரத்தால் நிரப்ப வேண்டும். இப்படிப் பல குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பினால்தான் ஒரு கணக்கு முடியும். கடைசிக் குடம் நிரம்பும் முன்னே கடிகாரம் அடித்துவிட்டால் தப்பான விடை பதிவாகிவிடும். சில சமயம் கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிடும். அது கூடப் பரவாயில்லை. தவறு நடந்தது தெரிந்துவிடுகிறது. தெரியாமல் நடக்கும் தவறுதான் பொல்லாதது. தாலி கட்டும் இடத்தில் வந்த பச்சைக் கட்டங்கள் அந்த வகை.

குடம் வேகமாக நிரம்ப என்ன செய்யலாம்? குழாயில் அழுத்தத்தைக் கூட்டலாம். மின்சாரத்தில் அழுத்தம் என்பதுதான் வோல்ட். ஆகவே வேகத்தைக் கூட்டுகிறவர்கள் வோல்ட்டேஜையும் கொஞ்சம் கூட்டுகிறார்கள். தம்பியும் கூட்டியிருந்தான். 1.35 வோல்ட் என்று எழுதி வைத்திருந்தான்.

இது ஒன்றும் புது விளையாட்டு அல்ல. 1998ல் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற மலிவான பிராசஸரை வெளியிட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரை மடங்கு பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும். துடிப்பை 100க்கு மாற்றினால் 450! பல செலரான்கள் அந்த வேகத்தில் முனகாமல் ஓடின. விலை உயர்ந்த பிராசஸரின் வேகம் மலிவான பிராசஸரில் கிடைத்தது. உலகெங்கும் மாணவர்கள் ஸ்குரூ டிரைவரும் கையுமாகக் கிளம்பியதற்கு அந்தச் செலரானும் ஒரு காரணம்.

அதெப்படி, நிறுவனம் எழுதிய வேகத்தைவிட அதிகமாக ஓடுமா? ஓடும். ஒரே தட்டில் சுட்ட முறுக்குகள் போல, ஒரே சிலிகன் தகட்டில் செய்த சில்லுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில கெட்டி, சில சுமார். மிக மோசமான வெயிலில், மிக மோசமான பெட்டியில், பல ஆண்டுகள் உழைத்தாலும் தப்புச் செய்யாத வேகம் எதுவோ அதைத்தான் நிறுவனம் எழுதுகிறது. நடுவே கொஞ்சம் இடம் விட்டிருக்கும். ஓவர்கிளாக்கிங் என்பது அந்த இடத்தைத் தின்பதுதான். (இப்போது வரும் பிராசஸர்கள் தாமே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக் கொண்டு அந்த இடத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. நமக்கு மிச்சம் வைப்பது கொஞ்சம்தான்.)

ஸ்டெபிலைசர் ஏன் உதவவில்லை?

தம்பி வீட்டில் எல்லோரும் பழி சொன்னது தெரு மின்சாரத்தின் மேல். அது இயற்கைதான். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் இங்கே விளக்கு மங்குவதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் 230 வோல்ட் மின்சாரம் நேராகப் பிராசஸருக்குப் போவதில்லை. பெட்டியின் பின்புறத்தில் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்மாற்றுப் பெட்டி இருக்கிறது. வெளியே 200 ஆனாலும் 240 ஆனாலும் அது உள்ளே 12 வோல்ட்டைத்தான் கொடுக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். வெளி மின்சாரம் சுத்தமாக நின்றுவிட்டால்கூட, சுமார் 16 மில்லி வினாடிக்குத் தன்னிடம் உள்ள சேமிப்பைக் கொண்டு சமாளிக்கும். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 அலைகள். ஓர் அலைக்கு 20 மில்லி வினாடி. ஏறத்தாழ ஓர் அலை காணாமல் போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆகவே ஸ்டெபிலைசர் செய்யும் வேலை ஏற்கெனவே அங்கே நடந்து கொண்டிருந்தது.

உண்மையான கஷ்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. பிராசஸருக்கு வேண்டியது 12 வோல்ட்டும் அல்ல, ஒன்றேகால் வோல்ட். டார்ச் விளக்கில் போடும் ஒரு பேட்டரி அளவுகூட இல்லை. ஆனால் அது எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும் தெரியுமா? தம்பியின் பிராசஸர் முழு மூச்சில் வேலை செய்யும்போது சுமார் 125 வாட். 125ஐ 1.25ஆல் வகுங்கள். 100 ஆம்பியர்! ஒன்றரை டன் ஏ.சி. இயந்திரமே நம் வீட்டில் ஏழெட்டு ஆம்பியர்தான் இழுக்கிறது. அஞ்சல் தலையைவிடச் சிறிய சிலிகன் துண்டுக்கு நூறு ஆம்பியர்.

இனி ஓம் விதி. பள்ளியில் படித்ததுதான்: மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் வழியில் இழக்கும் வோல்ட் கிடைக்கும். மதர்போர்டின் செம்புத் தடங்களும் பிராசஸரின் கால்களும் சேர்ந்து ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தடை என்று வைத்துக் கொள்ளுங்கள். 100 ஆம்பியர் பாயும்போது இழப்பு 0.1 வோல்ட். வீட்டு மின்சாரத்தில் 230லிருந்து 0.1 போனால் யார் கவலைப்படப் போகிறார்கள்? 1.35லிருந்து 0.1 போனால் மிச்சம் 1.25 அல்லவா!

இதனால்தான் 12 வோல்ட்டை ஒன்றேகால் வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் சுற்றைப் பிராசஸருக்குப் பக்கத்திலேயே, சில சென்டிமீட்டர் தூரத்தில் வைக்கிறார்கள். இந்த யோசனையை நீங்கள் வேறு இடத்தில் பார்த்திருப்பீர்கள். எண்ணூரை அடுத்த அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறதே, அங்கே உண்டாகும் மின்சாரத்தை 230 வோல்ட்டாகவே காலடிப்பேட்டைக்குக் கொண்டு வர முடியுமா? கம்பியிலேயே எல்லாம் தீர்ந்துவிடும். மிக உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பி, பின் 11,000 வோல்ட்டாக்கி, தெருமுனை டிரான்ஸ்பார்மரில்தான் வீட்டு அளவுக்கு இறக்குகிறார்கள். உயர் அழுத்தத்தில் கொண்டு வா, வேண்டிய இடத்துக்கு அருகில் இறக்கு: இதுதான் சூத்திரம். மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் கருப்புக் கட்டிகளையும் சிறு உருளைகளையும் பார்த்தால், அவைதாம் அந்தத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் என்று நினைத்துக் கொள்ளுங்கள்.

சிறு உருளைகள் மின்தேக்கிகள். அவற்றின் வேலை முக்கியமானது. பிராசஸர் சும்மா இருக்கும்போது ஐந்து, பத்து ஆம்பியர் இழுக்கும். ஒரு பெரிய கணக்கைக் கொடுத்த அடுத்த மைக்ரோ வினாடியில் நூறு கேட்கும். குழாயடி வரிசையில் ஒருவர் தண்ணீர் பிடித்துக் கொண்டிருக்க, திடீரென்று தெரு முழுவதும் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சினால் எப்படி இருக்கும்? குழாயில் அழுத்தம் பொத்தென்று விழும். ரெகுலேட்டர் அதைக் கவனித்து அதிகமாகத் தள்ள ஆரம்பிக்கச் சற்று நேரமாகிறது. அந்த இடைவெளியைச் சமாளிக்க வழி நெடுகத் தொட்டிகள் வேண்டும். மதர்போர்டில் பெரிய தொட்டிகள். பிராசஸரின் அடிப்பலகையில் அரிசிமணி போன்ற சிறிய தொட்டிகள். சிலிகனுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பானைகள். பானை உடனே கொடுக்கும், ஆனால் கொஞ்சம்தான் கொடுக்கும். தொட்டி நிறையக் கொடுக்கும், ஆனால் வந்து சேரத் தாமதமாகும். ஒன்று காலியாகுமுன் அடுத்தது கை கொடுத்துவிட்டால் பிராசஸர் பிழைத்தது.

பழைய மதர்போர்டு கிடைத்தால் அந்த உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நலம். மேடிட்டு உப்பியிருந்தால் தொட்டி பழுது. திரவம் நிறைந்த அலுமினிய மின்தேக்கிகளுக்கு வெப்பமே எமன். 10 டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்கு. (எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அதற்குள் உள்ள பெரிய மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடும்.)

தம்பியின் கம்ப்யூட்டரில், பிராசஸருக்கு வரும் வோல்ட்டேஜைத் திரையில் காட்டும் நிரலை ஓட விட்டோம். சும்மா இருக்கையில் 1.35. வீடியோ வேலையைத் தொடங்கியதும் 1.25. "போட்டது 1.35 தானே சார், யார் எடுத்தாங்க?" என்றான். ஓம் எடுத்தார் என்றேன்.

இந்தச் சரிவை ஏன் விட்டு வைக்கிறார்கள்? ரெகுலேட்டரைக் கொஞ்சம் உசுப்பி 1.35லேயே நிற்க வைக்க முடியாதா? முடியும். பல மதர்போர்டுகளில் அதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. ஆனால் அதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. நூறு ஆம்பியர் இழுத்துக் கொண்டிருந்த பிராசஸர் வேலை முடிந்து திடீரென்று நின்றால், ரெகுலேட்டர் அதை அறியுமுன் இன்னும் சிறிது தள்ளிவிடும். வேகமாக ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் 'டம்' என்று அதிருமே, அதுபோல வோல்ட்டேஜ் மேலே துள்ளும். 1.25லிருந்து துள்ளினால் 1.35க்குள் அடங்கிவிடும், 1.35லிருந்து துள்ளினால் 1.45ஐத் தொடும். ஆகவே சுமை ஏறும்போது கொஞ்சம் சரியட்டும் என்று விடுவது சோம்பேறித்தனம் அல்ல, திட்டமிட்ட ஏற்பாடு. அதை முழுக்க நிமிர்த்தி வைக்கிறவர்கள் திரையில் நேர்கோட்டைப் பார்த்து மகிழலாம். மைக்ரோ வினாடித் துள்ளல்கள் அந்தத் திரையில் தெரிவதில்லை.

பகலும் இரவும்

சரி, இரவில் ஓடியது பகலில் ஏன் தவறியது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிராசஸர் உண்டாக்கும் வெப்பம் வேகத்தோடு நேராக ஏறும்; ஆனால் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். வேகத்தை 15 சதவிகிதமும் வோல்ட்டேஜை 15 சதவிகிதமும் கூட்டினால், 1.15ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 1.52. பதினைந்து சதவிகித வேகத்துக்கு ஐம்பத்திரண்டு சதவிகித அதிக உஷ்ணம்! ஒருகாலத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஏறிய பிராசஸர் வேகம் நின்றுபோனதற்கும் இதுவே முக்கியக் காரணம். 1971ல் வந்த இன்டெல் 4004ன் வேகம் 740 கிலோஹெர்ட்ஸ். 2004ல் பென்டியம் 4 பிராசஸர் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அதே ஆண்டு, 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் கொண்டு வரும் திட்டத்தை இன்டெல் கைவிட்டது.

தம்பியின் பிராசஸர் விதித்த வேகத்தில் சுமார் 100 வாட். 4.6 கிகாஹெர்ட்ஸிலும் 1.25 வோல்ட்டிலும் 125 வாட். அவன் வைத்திருந்த விசிறி, வாட்டுக்கு அரை டிகிரி என்ற கணக்கில் வெப்பத்தை வெளியேற்றும். அதாவது அறையின் வெப்பத்தைவிடப் பிராசஸர் 62 டிகிரி அதிகமாக இருக்கும். இரவில் அறை 29 டிகிரி, பிராசஸர் 91. பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அறை 38 டிகிரி, பிராசஸர் 100. அவ்வளவுதான், மர்மம் விடுபட்டது! இந்த வகைப் பிராசஸர்கள் தாங்கக்கூடிய எல்லையே 100 டிகிரி அளவில்தான் இருக்கிறது. அந்த வெப்பத்தில் டிரான்சிஸ்டர்களும் செம்புத் தடங்களும் மந்தமாகிவிடுகின்றன. குடம் நிரம்ப இன்னும் கொஞ்சம் நேரம் கேட்கின்றன. இரவில் நூலிழையில் தப்பித்த கணக்குகள் பகலில் தப்பவில்லை. போதாததற்குக் கடற்காற்று. காலடிப்பேட்டையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்பு ஈரமும் தெருப் புழுதியும் சேர்ந்து, விசிறிக்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளில் கம்பளி போர்த்திய மாதிரி அப்பிக் கிடந்தன.

வோல்ட்டேஜை இன்னும் கூட்டிப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். தம்பிக்கும் தோன்றியது. 1.45 வைத்தால் சுமையில் 1.34 அளவுக்கு நிற்கும். வெப்பம் 140 வாட்டைத் தாண்டும். மத்தியானத்தில் பிராசஸர் 110 டிகிரிக்குப் போகப் பார்க்கும். அதற்குள் பிராசஸரே பயந்து தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். விரட்ட விரட்ட மெதுவாகப் போகிற மாடு! 2022 முடிவில் ஒரு பிராசஸரை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிச் சாதனை செய்தார்கள் என்பது உண்மைதான். அதற்குத் திரவ ஹீலியத்தை ஊற்றிக் குளிர்வித்தார்கள். ஹீலியம் கொதிப்பது கழித்தல் 269 டிகிரியில். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அதற்கு எங்கே போவது?

அதிக வோல்ட்டேஜுக்கு இன்னொரு விலையும் உண்டு. அது உடனே தெரியாது. 2024ல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசஸர்கள் பல, காரணம் புரியாமல் தடுமாறுவது பெரிய பேச்சாயிற்று. ஓவர்கிளாக்கிங் செய்யாதவர்களின் பிராசஸர்களும் அதில் அடக்கம். அந்த ஆண்டு ஜூலையில் இன்டெல் காரணம் சொன்னது: பிராசஸருக்குள் இருந்த ஒரு நுண்நிரல் தேவைக்கு மேற்பட்ட வோல்ட்டேஜைக் கேட்டு வாங்கி வந்தது. உயர்ந்த வோல்ட்டேஜிலும் வெப்பத்திலும், தாளம் போடும் கடிகாரச் சுற்றே முதுமை அடைந்துவிட்டது. ஆகஸ்டில் திருத்திய நுண்நிரலை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். முன்பு 1.2 வோல்ட்டில் ஓடிய வேகத்துக்கு, முதுமை அடைந்த சிலிகன் 1.3 கேட்கும். அதைக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் கிழடாகும். அப்படி ஆனதைத் திரும்ப இளமையாக்க எந்த நிரலாலும் முடியாது. சீட்டுப் பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு இது சிறிய விஷயமா?

துறைமுக குமாஸ்தாவின் சூத்திரம்

ஒரு பிராசஸர் தப்பில்லாமல் கணக்கிடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? விடை முன்னமே தெரிந்த ஒரு நீண்ட கணக்கைக் கொடுக்க வேண்டும். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதிய பிரைம்95 என்ற நிரலை உலகெங்கும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு வழி 'பை' என்ற எண்ணைக் கோடிக்கணக்கான இலக்கங்களுக்குக் கணிப்பது. இதன் அழகு என்னவென்றால், நடுவே ஒரே ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறிவிட்டாலும் போதும், அதன்பின் வரும் இலக்கங்கள் எல்லாம் நாசமாகிவிடும். தவறு ஒளிந்துகொள்ள முடியாது.

பையைக் கணிக்கும் இன்றைய அதிவேக நிரல்கள் பெரும்பாலும் சுட்னோவ்ஸ்கி சகோதரர்களின் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அந்தச் சூத்திரத்தின் தாய் வீடு எது? 1914ல் ஸ்ரீநிவாச ராமானுஜன் வெளியிட்ட, பைக்கான தொடர்கள்! ஒவ்வொரு உறுப்பைக் கூட்டும்போதும் ஏறக்குறைய எட்டு இலக்கங்களைத் தரும் தொடர் ஒன்று அதில் உண்டு. 1985ல் வில்லியம் காஸ்பர் அதையே கம்ப்யூட்டரில் ஏற்றி 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கண்டார். ராமானுஜன் 1912ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது சென்னைத் துறைமுகத்தில். காலடிப்பேட்டையிலிருந்து ஒரே சாலையில் தெற்கே சில கிலோமீட்டர்தான். இதைச் சொன்னதும் தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்று மாலை முழுவதும் வேறு எதையும் சோதிக்க அவன் சம்மதிக்கவில்லை.

முதலில் விசிறியைக் கழற்றித் தூசி தட்டினோம். காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினோம். பெருக்கும் எண்ணை 46லிருந்து 40க்கு இறக்கினோம். பிறகு எல்லோரும் செய்வதற்கு நேர்மாறாக, வேகத்தைக் கூட்டாமல் வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தோம். என்னைக் கேட்டால், சென்னை வெயிலில் இருக்கிறவர்களுக்கு ஓவர்கிளாக்கிங்கைவிட இது சுவையான ஆட்டம். ஒவ்வொரு முறையும் நூறில் ஒரு பங்கு வோல்ட் குறைத்து, பையைக் கணித்து, விடை சரியா என்று பார்க்க வேண்டும். சுமையில் 1.20 ஆக இருந்தது 1.12 வரை இறங்கியும் விடை மாறவில்லை. 1.11ல் கணக்கு தவறியது. உடனே இரண்டு படி ஏறி 1.13ல் நிறுத்தினோம். அதே வேகம், ஆனால் 100 வாட்டுக்குப் பதில் 89 வாட்.

மறுநாள் தம்பி பெருக்கும் எண்ணை 42 ஆக்கி, சுமையில் 1.18 வோல்ட் நிற்கும்படி வைத்தான். வெறுங்கையோடு திரும்ப அவனுக்கு மனமில்லை. கணக்குப்படி வெப்பம் 101 வாட்; விதித்த அளவை ஏறக்குறைய ஒட்டியது. மத்தியானம் இரண்டு மணிக்கு, அறை 38 டிகிரியில் இருக்கும்போது, ஒரு மணி நேரம் பை ஓடியது. பிராசஸர் 88 டிகிரி. கடைசி இலக்கம் வரை சரி. அண்ணனுடைய பழைய வீடியோவையும் பகலிலேயே மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். தாலி கட்டும் இடத்தில் பச்சைக் கட்டம் இல்லை. ஒரு மணி நேர வீடியோ முன்பைவிட மூன்று நிமிஷம் சீக்கிரம் முடிந்ததாகத் தம்பி குறித்து வைத்திருக்கிறான்.

ஸ்டெபிலைசரை அம்மா கீழே எடுத்துப் போய் பிரிட்ஜுக்கு மாட்டிவிட்டார்.